நண்டுக்குத் தப்பிய நாணயம்

பல்லாங்குழிப் பலகையோடு பரணில் கிடக்கும் சோழிகளில் ஒரு கைப்பிடி அள்ளித் தரையில் பரப்பிப் பார்த்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். சில சோழிகள் சற்றுப் பெரியவை, சில சிறியவை. ஆனால் குட்டிச் சோழி என்று ஒன்றுகூட இருக்காது. எல்லாமே வளர்ந்து முடிந்தவை: மேடிட்ட முதுகு, தட்டையான வயிறு, வயிற்றின் நடுவே நீளவாட்டில் ஒரு கீற்று, கீற்றின் இருபுறமும் பல்வரிசை. இருப்பதிலேயே சிறிய சோழியிலும் இவை அத்தனையும் பிசகாமல் இருக்கும். மழை பெய்த மறுநாள் தோட்டத்தில் மிளகளவு நத்தையும் தென்படும், எலுமிச்சை அளவு நத்தையும் தென்படும். இடைப்பட்ட எல்லா அளவுகளும் அங்கே ஊர்ந்துகொண்டிருக்கும். சங்கும் அப்படித்தான், சிறிசும் பெரிசுமாகக் கிடைக்கும். சோழியும் நத்தைக் குடும்பம்தான் என்றால், அதன் குழந்தைப் பருவம் எங்கே போயிற்று?

இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாம். நத்தைக்கும் சங்குக்கும் இருக்கும் சுருள் சோழியில் ஏன் தெரிவதில்லை? பாட்டி காலம் தொட்டு எத்தனையோ கைகள் உருட்டி விளையாடிய பிறகும் அந்தப் பீங்கான் மெருகு ஏன் முழுசாகப் போகவில்லை? மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த விடையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் மாலத்தீவின் ஆழமற்ற கடலிலிருந்து வங்காளத்தின் வரிவசூல் கிடங்குகள் வழியாக சகாரா பாலைவனம் வரை போய்ச் சேரலாம்.

சோழிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. ராமேசுவரத்துக் கடைகளில் புள்ளிபோட்ட பெரிய பழுப்புச் சோழிகளைப் பார்த்திருப்பீர்கள், அவை வேறு. நாம் பேசப்போவது சிறிய, மஞ்சள் கலந்த வெள்ளைச் சோழி. பணச்சோழி என்று சொல்லலாம். 1758இல் கார்ல் லின்னேயஸ் உயிரினங்களுக்குப் பெயர் சூட்டியபோது, நாணயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லையே இதற்குச் சிற்றினப் பெயராக வைத்தார். இன்றைய முழு அறிவியல் பெயர் மொனெட்டேரியா மொனெட்டா. நீளம் பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும். காய்ந்த சிறு ஓட்டின் எடை ஒரு கிராமைச் சற்றே தாண்டும். செங்கடலிலும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலும் தொடங்கி, மன்னார் வளைகுடா, லட்சத்தீவு, மாலத்தீவு, இந்தோனேசியா என்று பரவி, பசிபிக் பெருங்கடலின் கிழக்கு ஓரம் வரைக்கும் இது வாழ்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம் உயிரிகள் கடல் நீரோட்டத்தில் மிதந்து போகக்கூடியவை என்பதால்தான் இத்தனை பெரிய பரப்பு சாத்தியமாகிறது. பகலில் பவளக் கற்களுக்கு அடியிலும் பொந்துகளிலும் பதுங்கிக் கிடக்கும். இருட்டியதும் வெளியே வந்து கல்லில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும்.

முதலில் சாதாரண நத்தை தன் ஓட்டை எப்படிக் கட்டுகிறது என்று பார்த்துவிடுவோம். நத்தையின் உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தசைப்படலம் ஒன்று உண்டு. அதை மென்போர்வை என்போம். ஓட்டைச் சுரப்பது இதுதான். கடல்நீரிலிருந்தும் உணவிலிருந்தும் கிடைக்கும் கால்சியத்தைக் கொண்டு, மென்போர்வையின் விளிம்பு ஓட்டின் வாயோரத்தில் புதுச் சுண்ணாம்பைப் படியவைக்கிறது. இந்த நத்தையை வீட்டுக்குள் குடியிருந்துகொண்டே வேலை செய்யும் கொத்தனார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வாசலை ஒட்டி மட்டுமே அவர் சுவரை நீட்டுவார். வெளிச்சுவரைத் தொட அவருக்கு வழியே இல்லை. உள்ளேயிருந்து எட்டக்கூடியது வாசல் விளிம்பு மட்டும்தான்.

இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, ஓடு ஒரு காலவரிசை ஆகிவிடுகிறது. கூர்நுனியில் இருப்பது நத்தை பிறந்தபோது கட்டிய பகுதி. வாயோரத்தில் இருப்பது நேற்றுக் கட்டியது. எந்த வயதில் எடுத்துப் பார்த்தாலும் அது சின்ன நத்தை, அல்லது பெரிய நத்தை, வடிவம் அதேதான். இரண்டாவது, வெளிப்புறம் ஒருமுறை கட்டியதோடு சரி, பிறகு அதற்குப் பராமரிப்பே இல்லை. அலையும் மணலும் அரிக்கும், பாசி படியும், கொட்டலசு ஒட்டும். தூத்துக்குடியில் கடலிலிருந்து எடுத்த சங்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வெள்ளையாக வருவதில்லை. தடித்த பழுப்புத் தோல் ஒன்று அதை மூடியிருக்கும். சுண்ணாம்பு அரிக்காமல் காப்பதற்காகச் சங்கு சுரந்துகொள்ளும் மேல்தோல் அது. அந்தத் தோலை நீக்கித் தீட்டிய பிறகே நாம் பூசையறையில் வைக்கும் வெண்சங்கு கிடைக்கிறது.

வளர்ந்த சோழியில் அந்தப் பழுப்புத் தோல் கிடையாது. அதற்குத் தேவையும் இல்லை. ஏனென்றால் சோழி, வெளியே வந்து பூசத் தெரிந்த கொத்தனார். அதன் மென்போர்வை வாய்க்கீற்றின் இரு பக்கமும் வெளியே விரிந்து, ஓட்டின் இரு விலாப்புறமும் ஏறி, முதுகின் உச்சியில் வந்து சந்திக்கும். உயிருள்ள சோழியை இரவில் பவளத்திட்டில் பார்த்தால் முதலில் ஓடே தெரியாது. கருமையும் வெளிர்நிறமும் வரிவரியாக ஓடும் சதை ஒன்று, மேலே சிறு சிறு நீட்சிகளோடு, கல்லோடு கல்லாக நகர்ந்துகொண்டிருக்கும். விரலால் மெல்லத் தொட்டால் முதுகின் நடுவே ஒரு கோடு பிளந்து, சதை இரு பக்கமும் வழிந்து கீற்றுக்குள் இறங்கிவிடும். அப்போதுதான் ஈரம் சொட்டும் பளிங்கு முதுகு வெளிப்படும். இந்தப் போர்வை ஓட்டைக் காலமெல்லாம் மூடி வைத்திருப்பதால் பாசி, கொட்டலசு எதுவும் அதில் ஒட்டுவதில்லை. அதோடு வெளிப்பக்கத்திலிருந்தே அடுக்கடுக்காகப் புதுப்பூச்சையும் சுரந்துகொண்டிருக்கிறது. சோழியின் மெருகு மனிதன் தீட்டியதல்ல. சாகும்வரை அந்த உயிர் பூசிய பூச்சு. உங்கள் கையிலிருக்கும் சோழியின் முதுகைச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். பல சோழிகளில் மங்கலாக ஒரு கோடு நீளவாட்டில் ஓடும். இரு பக்கத்துப் போர்வையும் வந்து சந்தித்த எல்லைக்கோடு அது.

இப்போது குழந்தைக்கு வருவோம். சோழிக்குக் குழந்தைப் பருவம் உண்டு. நம் கைக்கு வராததற்குக் காரணம், அப்போது அது சோழி போலவே இருக்காது என்பதுதான். இளம் பணச்சோழியின் ஓடு முட்டை வடிவில், மெலிந்து, கொஞ்சம் அழுத்தினால் நொறுங்கிவிடும் கனத்தில் இருக்கும். பின்முனையில் சுருள் தெளிவாகத் தெரியும். வாய் அகலமாகத் திறந்திருக்கும், வெளியுதடு கத்திமுனைபோல் மெல்லியது, பற்களே கிடையாது. கடற்கரையில் அதை எடுத்துப் பார்க்கும் எவரும் வேறு ஏதோ நத்தை என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இந்த நிலையில் அது மற்ற நத்தைகளைப் போலவே வாயோரத்தில் நீட்டி நீட்டி வளர்கிறது.

பிறகு ஒரு கட்டத்தில் நீளவாட்டு வளர்ச்சி நின்றுவிடுகிறது. வெளியுதடு உள்பக்கமாக மடங்கிச் சுருள்கிறது. அகன்ற வாய் குறுகிக் கீற்றாகிறது. மடங்கிய உதட்டிலும் எதிர்ப்புறத்திலும் பற்கள் எழும்புகின்றன. பூச்சு தடித்துத் தடித்துச் சுருளை முழுவதும் மூடிவிடுகிறது. பணச்சோழியில் விளிம்புகளில் கூடுதலாகச் சுண்ணாம்பு திரண்டு, ஓரங்கள் மேடுதட்டி, மேலிருந்து பார்க்க ஒழுங்கற்ற அறுகோணம்போல் ஆகிவிடுகிறது. உதடு மடங்கிவிட்ட பிறகு நீள்வதற்கு வழியில்லை. அதன் பின் எத்தனை காலம் வாழ்ந்தாலும் சோழி கனக்கலாமே தவிர நீளாது. உயிரியலில் இதை வரையறு வளர்ச்சி என்பார்கள். ஒரு கட்டத்தோடு முற்றுப்பெற்றுவிடும் வளர்ச்சி. சங்குக்கு அப்படியொரு கறாரான முற்றுப்புள்ளி இல்லை.

ஆகவே பெரிய சோழி வயதான சோழி என்றும் சிறிய சோழி இளையது என்றும் நினைத்தால் தவறு. பெரியது, நீண்ட நாள் குழந்தையாக இருந்துவிட்டு முதிர்ந்தது. சிறியது, சீக்கிரமே முதிர்ந்துவிட்டது. வயதை ஓரளவு சொல்லக்கூடியது ஓட்டின் தடிமன்தான், நீளமல்ல.

இவையெல்லாம் எப்படித் தெரியவந்தன? சுருள் உள்ளே இருப்பதைக் காட்ட ஓர் அரம் போதும். முதுகைத் தேய்த்துத் திறந்தால், மூடிய பூச்சுக்கு அடியில் குழந்தைப் பருவத்துச் சுருள் அப்படியே சுருண்டு கிடக்கும். எக்ஸ்ரே படத்தில் உடைக்காமலே தெரியும். முதிரும்போது அளவை எது தீர்மானிக்கிறது என்பதற்குக் கூடுதல் உழைப்பு தேவைப்பட்டது. பணச்சோழிக்கு மிக நெருங்கிய உறவான மோதிரச்சோழியை, அதாவது முதுகில் பொன்மஞ்சள் வளையம் கொண்ட மொனெட்டேரியா அனுலஸை, ஜப்பானிய ஆய்வாளர் தகாஹிரோ இரியே பல ஆண்டுகள் ஆராய்ந்தார். குட்டிகளைச் சேகரித்து வெவ்வேறு வெப்பநிலையில் தொட்டிகளில் வளர்த்து, எந்த அளவில் உதடு மடங்குகிறது என்று அளந்து பார்த்தார். 2013இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவுகளின்படி, குளிர்ந்த நீரில் வளர்ந்தவை பெரிய உருவத்தில் முதிர்ந்தன. வெதுவெதுப்பான நீரில் வளர்ந்தவை சிறிய உருவத்திலேயே முதிர்ந்துவிட்டன. எனவே முதிர்ந்த ஓட்டின் அளவில் அது வளர்ந்த கடலின் குறிப்பும் கலந்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

வளர்ச்சியை இப்படிப் பாதியில் பூட்டிவிடுவது ஓர் உயிருக்கு என்ன லாபம்? பெரிய உடல் என்றால் அதிக முட்டைகள். அதைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டுமானால் கிடைப்பது உயிருக்கு நிகரானதாக இருக்கவேண்டும். இதற்கான விடைக்கு வழிகாட்டியவர் கண்பார்வையில்லாத ஒரு விஞ்ஞானி.

கீரத் வெர்மை 1946இல் நெதர்லாந்தில் பிறந்தார். மூன்று வயதில் பார்வையை முற்றிலும் இழந்தார். குடும்பம் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. நான்காம் வகுப்பில் அவருடைய ஆசிரியை புளோரிடாவிலிருந்து கொண்டுவந்த சிப்பிகளையும் சங்குகளையும் வகுப்பறையில் வைத்திருந்தார். சிறுவன் அவற்றைத் தடவிப் பார்த்தான். நெதர்லாந்தின் குளிர்ந்த கடற்கரையில் அவன் விரல்கள் அறிந்திருந்த கிளிஞ்சல்கள் சுண்ணாம்புக்கட்டிபோல் சொரசொரத்தவை, அலங்காரமற்றவை. இவையோ முள்ளும் முடிச்சும் மேடும் பள்ளமுமாக, உட்புறம் வழுவழுப்பாக இருந்தன. வெப்பக்கடல் ஓடுகள் மட்டும் ஏன் இப்படி? கண்ணால் பார்ப்பவர்கள் நிறத்திலும் அழகிலும் மயங்கி நின்றுவிடும் இடத்தில், விரல்கள் கேட்ட கேள்வி இது. அதையே அவர் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாக்கிக்கொண்டார். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பேராசிரியரானார்.

பசிபிக்கின் குவாம் தீவில் அவர் கவனித்தது உடைந்த ஓடுகளை. சேகரிப்பவர்கள் ஒதுக்கித் தள்ளும் குப்பை அது. ஆனால் உடைந்த விதங்கள் ஒழுங்காக இருந்தன. வாயோரத்திலிருந்து சுருளின் வழியாக உரித்துக்கொண்டே போனதுபோல் சில. நடுவில் நசுங்கியவை சில. உரித்தது பெட்டி நண்டு. அதன் வலது இடுக்கியில் தனியாக ஒரு பல் துருத்திக்கொண்டிருக்கும். அதை ஓட்டின் உதட்டில் மாட்டி, துண்டு துண்டாக உடைத்துக்கொண்டே உள்ளே போகும். பெரும்பாலான நத்தைகள் வலப்புறம் சுருள்பவை, நண்டின் ஆயுதமும் வலக்கையில். நசுக்கியவை வேறு நண்டுகள். பவளத்திட்டுகளில் வாழும் கார்பிலியஸ் போன்ற தடித்த இடுக்கிக்காரர்கள். தொட்டிகளில் இந்த நண்டுகளுக்குப் பல வகை நத்தைகளைக் கொடுத்து, எது உடைகிறது, எது தப்புகிறது என்று அவரும் கூட்டாளிகளும் சோதித்தார்கள். தடித்த சுவர், குட்டையான சுருள், குறுகிய வாய், பல் முளைத்த உதடு. இவை கூடக்கூடப் பிழைக்கும் வாய்ப்பும் கூடியது.

சோழியை இந்தக் கண்ணோட்டத்தில் திரும்பக் கையில் எடுத்துப் பாருங்கள். பெட்டி நண்டு பல்லை மாட்டுவதற்கு நீட்டிக்கொண்டிருக்கும் உதடே இல்லை. அது உள்ளே மடங்கிவிட்டது. பிடித்து முறிக்கக் கூரான சுருள் இல்லை. அது பூச்சுக்குள் புதைந்துவிட்டது. இடுக்கி பிடிக்கப் பார்த்தால் வளைந்த வழுக்கும் முதுகு. கீற்றுக்குள் நகத்தை நுழைத்துச் சதையை இழுக்கலாம் என்றால் இரு பக்கமும் பற்கள். சாதாரணக் கடல் நத்தைகள் ஆபத்து வந்தால் வாசலை ஒரு மூடியால் அடைத்துக்கொள்ளும். வளர்ந்த சோழிக்கு மூடியும் கிடையாது. வாசலே அத்தனை ஒடுங்கியிருக்கும்போது கதவு எதற்கு? குழந்தைப் பருவத்தில் மெல்லிய ஓட்டோடு பொந்துகளில் பதுங்கி வேகமாக வளர்வது, பிறகு ஒரேயடியாகக் கோட்டையை எழுப்பி வளர்ச்சியை நிறுத்திவிடுவது. இதுதான் சோழியின் ஒப்பந்தம். இது நேற்றுத் தொடங்கியதும் அல்ல. டைனோசர்கள் வாழ்ந்த காலத்திலேயே கடலில் ஓடு நொறுக்கும் விலங்குகள் பெருகத் தொடங்கின என்றும், குறுகிய வாயும் தடித்த சுவரும் கொண்ட ஓடுகள் அதற்குப் பதிலாகவே பெருகின என்றும் வெர்மை 1977இல் புதைபடிவங்களைக் கொண்டு வாதிட்டார். ஆறிய தழும்புகள் அவருக்கு முக்கியச் சாட்சி. நண்டு முயன்று தோற்ற ஒவ்வொரு தாக்குதலும், நத்தை பிழைத்து உதட்டைச் சீர்செய்துகொண்டால், ஓட்டில் ஒரு கோணல்மாணலான தழும்பை விட்டுப்போகும். கோடிக்கணக்கான ஆண்டுகள் பழமையான ஓடுகளிலும் அந்தத் தழும்புகளை எண்ணலாம்.

சுவரின் கட்டுமானமும் சாதாரணமானதல்ல. சோழி ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லும் நிலத்தில் கிடைக்கும் சாக்குக்கல்லும் எந்தப் பொருளோ அதேதான். சாக்குக்கல் விரலில் முறிகிறது. சோழியைக் கல்லால் அடிக்கவேண்டும். வேறுபாடு அடுக்கில் இருக்கிறது. சோழியில் அந்தப் பொருள் அரகோனைட் என்ற படிக வடிவில், நுண்ணிய தகடுகளாகப் படிந்திருக்கிறது. ஒரு தகட்டுக்குள் இழைகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அடுத்த தகட்டில் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். இதைக் குறுக்கடுக்கு அமைப்பு என்று சொல்லலாம். விரிசல் ஒன்று ஒரு தகட்டில் நேராக ஓடிவந்தால் அடுத்ததில் திசைமாற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் அதன் வேகம் செலவாகிறது. தகடுகளுக்கு இடையே மிகச் சொற்பமாகக் கலந்திருக்கும் புரதம் அந்தத் திருப்பங்களுக்கு வழிவிடுகிறது.

தப்பிப்பதற்கு எல்லையும் உண்டு. நொறுக்க முடியாததைத் துளைக்கலாம். எண்காலிகள் சோழி ஓட்டில் ஊசித்துளை போட்டு நஞ்சைச் செலுத்தும். துணிக் கூம்புநத்தை இன்னும் சுலபமான வழியை வைத்திருக்கிறது. கீற்றுக்குள் தன் நஞ்சு ஈட்டியை நுழைத்துவிட்டுக் காத்திருக்கும். எந்தக் கோட்டைக்கும் இப்படி ஓர் எதிரி வந்துவிடுகிறான்.

நண்டுக்காக எழுப்பிய அதே கோட்டை மனிதன் கைக்கு வந்தபோது பணமாகிவிட்டது. பணமாக இருக்க ஒரு பொருளுக்கு என்ன வேண்டும்? கைமாறிக் கைமாறித் தேயக்கூடாது, உடையக்கூடாது, அழுகக்கூடாது. ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கவேண்டும், எண்ணினால் போதும் என்ற நிலை வேண்டும். போலியைச் சட்டென்று கண்டுபிடிக்க முடியவேண்டும். தேயாமையும் உடையாமையும் குறுக்கடுக்கிலிருந்தும் பூச்சிலிருந்தும் வந்தன. அளவு ஒத்துவருவது வரையறு வளர்ச்சியிலிருந்து வந்தது. வாழ்நாளெல்லாம் நீளும் நத்தையாக இருந்திருந்தால் கடுகளவு முதல் கையளவு வரை எல்லாம் கலந்து கிடக்கும், எண்ணிக் கொடுக்க முடியாது. மெருகையும் பல்வரிசையையும் கைவேலையாகச் செய்வதற்கு ஆகும் செலவு, ஒரு சோழியின் மதிப்பைவிடப் பலமடங்கு. கள்ள நாணயம் அடிப்பவனுக்குக் கட்டுபடியாகாத நாணயம் இது. சீனத்து ஆன்யாங்கில் 1976இல் தோண்டியெடுத்த அரசி ஃபூ ஹாவோவின் கல்லறையில், மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு அவளோடு புதைத்த 6,800க்கும் மேற்பட்ட சோழிகள் இருந்தன. கடலிலிருந்து அத்தனை தூரத்தில் அவை மதிப்புக்குரிய பொருளாக இருந்திருக்கின்றன.

உலகத்துக்கே சோழி வழங்கிய சுரங்கம் மாலத்தீவு. பவளத்தீவு வளையங்களுக்குள் ஆழமற்ற, வெதுவெதுப்பான நீர். பணச்சோழி ஏராளம், அதுவும் சின்னஞ்சிறியதாக. 1343இல் அங்கே போய் நீதிபதியாகப் பணியாற்றிய பயணி இபன் பதூதா அவற்றைப் பதப்படுத்தும் விதத்தை எழுதிவைத்திருக்கிறார். கடலில் பொறுக்கியவற்றைக் குழிவெட்டிப் புதைப்பார்கள். சதை மக்கிப்போனதும் வெள்ளை ஓட்டை எடுத்துக்கொள்வார்கள். வங்காளத்து வணிகர்களுக்கு அதைக் கொடுத்து அரிசி வாங்குவார்கள். தீவில் அரிசி விளையாது. வங்காளத்தில் சோழி கிடைக்காது. 1602இல் கப்பல் உடைந்து மாலத்தீவில் ஒதுங்கி ஐந்து ஆண்டுகள் சிக்கிக்கொண்ட பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கிச் சோழி பொறுக்கியதைப் பார்த்தார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் அறுவடை என்று குறித்திருக்கிறார். அந்த நாட்களில் கடல் மிக அதிகமாக வற்றும் என்பது நம் மீனவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சோழி மட்டுமே ஏற்றிய முப்பது நாற்பது கப்பல்கள் ஒரே ஆண்டில் வங்காளத்துக்குப் போனதைக் கண்டதாகவும் அவர் எழுதினார்.

வங்காளத்தில் அது சில்லறைப் பணம். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 1770களில் சில்ஹெட் மாவட்டத்துக்குப் போன ராபர்ட் லிண்ட்சே, அங்கே நிலவரி முழுவதும் சோழியாகவே கட்டப்படுவதைக் கண்டு திகைத்தார். ஒரு ரூபாய்க்கு 5,120 சோழி. எடை போட்டுப் பாருங்கள், ஒரு ரூபாய் ஐந்து கிலோவுக்கு மேல் கனக்கும். கிடங்கு கிடங்காகச் சேர்த்து, படகுகளில் ஏற்றி டாக்காவுக்கு அனுப்பினார்கள். ஏழைக்குப் பயன்பட்ட பணம் அது. ஒரு பிடி கீரைக்கும் ஒரு சொட்டு எண்ணெய்க்கும் வெள்ளிக்காசைக் கொடுக்க முடியாது. சோழியை எண்ணிக் கொடுக்கலாம்.

அதே இபன் பதூதா கடைசிப் பயணமாக 1352இல் சகாராவைக் கடந்து மாலி நாட்டுக்குப் போனார். அங்கேயும் சோழிதான் பணம். மாலத்தீவில் ஒரு தங்க தினாருக்கு 4 லட்சம் சோழி கிடைத்தது. விலை சரிந்த நாட்களில் 12 லட்சம் வரை கிடைத்தது. மாலியில் ஒரு தினாருக்கு 1,150. ஏறக்குறைய 350 மடங்கிலிருந்து ஆயிரம் மடங்கு வரை வேறுபாடு. இரண்டு முனைகளையும் தன் கண்ணால் பார்த்து விலையைக் குறித்துவைத்த வேறொருவர் அந்தக் காலத்தில் இருந்திருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த விலை வேறுபாடுதான் பிறகு கொடுமைக்கு வழியாயிற்று. போர்த்துக்கீசியரும், அவர்களுக்குப் பின் டச்சு, ஆங்கிலக் கம்பெனிகளும் ஆசியாவிலிருந்து திரும்பும் கப்பல்களின் அடித்தட்டில் சோழியைப் பாரமாக ஏற்றி ஐரோப்பியத் துறைமுகங்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அது மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போயிற்று. அங்கே அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். ஜான் ஹோகன்டோர்ன், மரியன் ஜான்சன் என்ற வரலாற்றாசிரியர்கள் கம்பெனிக் கணக்குகளைத் தேடிக் கூட்டி 1986இல் எழுதிய நூலின் மதிப்பீட்டில், பதினெட்டாம் நூற்றாண்டில் மட்டும் இப்படிப் போன சோழிகள் சுமார் 1,000 கோடி. மாலத்தீவுப் பெண்கள் நீரில் நின்று பொறுக்கிய சோழி எந்தச் சந்தையில் எதற்கு விலையாகப் போகிறது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. சோழியைப் பற்றி எழுதும் எவரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடக்கூடாது என்று நினைக்கிறேன்.

அந்தப் பணத்தின் சரிவும் உயிரியலிலிருந்தே வந்தது. 1840களில் ஜெர்மன் வணிகர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் கரையில் மோதிரச்சோழி மலிந்து கிடப்பதைக் கண்டார்கள். மாலத்தீவுச் சோழியைவிடப் பெரியது, கனமானது, மிக மலிவு. அதைக் கப்பல் கப்பலாக மேற்கு ஆப்பிரிக்காவில் இறக்கினார்கள். சந்தை அதையும் பணமாகவே ஏற்றுக்கொண்டது. கைவேலையால் போலி செய்ய முடியாத நாணயத்துக்கு, இயற்கையே ஓர் உடன்பிறப்பை வைத்திருந்தது. சோழியின் மதிப்பு வீழ்ந்தது. வாழ்நாள் சேமிப்பைச் சோழியாக வைத்திருந்தவர்கள் ஒரு தலைமுறைக்குள் ஏழையானார்கள்.

இந்த இரண்டு சோழிகளையும் பிரித்தறிவது இன்று தொல்லியலாளர்களுக்குக் காலம் கணிக்கும் கருவி. மேற்கு ஆப்பிரிக்காவில் சரமாகக் கோர்ப்பதற்காகச் சோழியின் முதுகை உடைத்தெடுத்துவிடுவார்கள். நாற்பது கோர்த்தால் ஒரு சரம். முதுகு போனால் மோதிர வளையமும் போய்விடும். அப்போது வயிற்றைத்தான் படிக்கவேண்டும்: ஓரம் மேடுதட்டிக் கோணலாக இருந்தால் பணச்சோழி, சீரான நீள்வட்டமாக இருந்தால் மோதிரச்சோழி. தோண்டிய அடுக்கு ஒன்றில் மோதிரச்சோழி நிறையக் கிடைத்தால், அது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

1964இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் தியோடர் மோனோ, மொரிட்டானியப் பாலைவன மணலில் புதைந்துபோன வணிகக் கூட்டம் ஒன்றின் சரக்கைக் கண்டெடுத்தார். பித்தளைக் கம்பிகள், அவற்றோடு ஆயிரக்கணக்கில் சோழிகள். சுமையைக் கட்டியிருந்த பாயும் கயிறும் பதினொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கதிரியக்கக் கரிம முறை காட்டியது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வருவதற்குக் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாவது முன்பு. அனலிசா கிரிஸ்டி, ஆன் ஹவுர் என்ற இரு தொல்லியலாளர்கள் டாக்காரில் பாதுகாக்கப்பட்டிருந்த அந்தச் சோழிகளை எடுத்து ஒவ்வொன்றாக அளந்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாலத்தீவுக் கடலில் இன்று வாழும் சோழிகளையும் அவர்கள் நேரில் போய்ச் சேகரித்து அளந்து வைத்திருந்தார்கள். பாலைவனத்துச் சோழிகள் பணச்சோழி இனத்தவை. அவற்றின் சிற்றளவும் மாலத்தீவையே சுட்டியது. உதடு மடங்கிய நாளோடு நீளம் நின்றுவிடுவதால், எண்ணூறு ஆண்டுகள் கழித்தும் அந்த அளவு மாறாமல் இருந்தது.